டிரைவர் இல்லாத டர்போ

பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி, அதில் விண்டோஸைப் புதிதாகப் பதிந்தவர்கள் இந்தக் காட்சியைக் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நினைத்து டிவைஸ் மேனேஜரைத் திறந்தால், ஓர் ஓரத்தில் மஞ்சள் நிற ஆச்சரியக் குறியுடன் ‘அன்நோன் டிவைஸ்’ என்று ஒரு வரி உட்கார்ந்திருக்கும். பெட்டிக்குள் ஏதோ ஒரு கார்டு இருக்கிறது. அதற்கு மின்சாரமும் போகிறது. ஆனால் அது என்ன, யார் தயாரித்தது, அதனுடன் எப்படிப் பேசுவது என்பது விண்டோஸுக்குத் தெரியவில்லை. விற்றவரைக் கேட்டால், “எல்லாம் கம்பெனி ஐட்டம்தான் சார்” என்பார்.

சென்ற ஆண்டு எனக்கும் இப்படி ஓர் அன்நோன் டிவைஸ் வந்து சேர்ந்தது. ஆனால் அது கம்ப்யூட்டருக்குள் இல்லை. என் தங்கை கணவர் வாங்கிய காரின் பானெட்டுக்குள் இருந்தது!

மாப்பிள்ளைக்கு ஊர் குன்றக்குடி. மலை மேல் இருக்கும் சண்முகநாதரைப் பார்க்க வருபவர்கள் அப்படியே பக்கத்தில் பிள்ளையார்பட்டிக்கும் போவார்கள்; வெளியூர்க்காரர்கள் என்றால் கானாடுகாத்தான் வீடுகளையும் ஆத்தங்குடி டைல்ஸையும் பார்க்க ஆசைப்படுவார்கள். இவர்களை நம்பித்தான் அவர் டாக்சி ஓட்டுகிறார். தங்கையின் நகைகளை அடகு வைத்து, ஒரு புரோக்கர் மூலமாக, சென்னையில் பதிவான 2015 மாடல் டிசையர் டீசல் கார் ஒன்றை வாங்கினார். டி போர்டு வண்டி. “இந்த வண்டியில் பெரிய டர்போ போட்டிருக்கிறது, எர்டிகாவில் வருவது, பிக்கப் சும்மா பிய்த்துக்கொண்டு போகும்” என்று புரோக்கர் சொன்னதை அவர் ஒரு கூடுதல் லாபமாகவே எடுத்துக்கொண்டார்.

பிக்கப் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மூன்றாவது வாரமே, காரைக்குடியிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு வேகமாக வரும்போது திடீரென்று வண்டி சோர்ந்துபோனது. டேஷ்போர்டில் மஞ்சள் நிறத்தில் எஞ்சின் விளக்கு எரிந்தது. ஓரமாக நிறுத்தி, சாவியைத் திருப்பி அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்தால் சரியாகிவிட்டது. பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. (ஹேங் ஆனால் ரீஸ்டார்ட் செய்யும் பழக்கம் நமக்கும் உண்டே!) கூடவே டர்போவை ஒட்டிய குழாயில் எண்ணெய்க் கசிவும் தெரிந்தது. மெக்கானிக் அண்ணன் பார்த்துவிட்டு, “டர்போவின் உள்பாகத்தை மாற்றணும். ஆனா இது எந்த டர்போன்னு தெரியாம நான் சாமான் ஆர்டர் பண்ண மாட்டேன். தப்பாப் போனா பணம் போச்சு” என்று கையை விரித்துவிட்டார்.

ராத்திரி எட்டு மணிக்கு மாப்பிள்ளை போன் செய்தார். “மச்சான், நீங்க கம்ப்யூட்டர்லயே எல்லாத்தையும் கண்டுபிடிப்பீங்களே. இது என்ன டர்போன்னு கொஞ்சம் பாருங்களேன்.”

எனக்குக் காரைப் பற்றி அதிகம் தெரியாது. ஆனால் பெயர் தெரியாத ஹார்டுவேரைக் கண்டுபிடிக்கும் வழி ஒன்று தெரியும். அதை முதலில் உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன்; காருக்கும் அதே வழிதான் உதவியது.

கீபோர்டில் விண்டோஸ் கீயையும் எக்ஸ் கீயையும் சேர்த்து அழுத்தினால் வரும் மெனுவில் டிவைஸ் மேனேஜரைத் தேர்ந்தெடுங்கள். மஞ்சள் குறியுள்ள வரியில் ரைட் கிளிக் செய்து, ப்ராபர்ட்டீஸ் செல்லுங்கள். கிடைக்கும் விண்டோவில் டீடெய்ல்ஸ் என்ற டேப். அதில் ப்ராபர்ட்டி என்ற கட்டத்தின் அம்புக்குறியை அழுத்தினால் நீண்ட பட்டியல் விரியும்; அதில் ஹார்டுவேர் ஐடிஸ் என்பதைக் கிளிக் செய்யுங்கள். புரியாத மொழியில் நான்கைந்து வரிகள் தெரியும். பயப்பட வேண்டாம். ‘வென்’ என்பதை அடுத்து வரும் நான்கு இலக்கம் தயாரிப்பாளரின் அடையாளம். ‘டெவ்’ என்பதை அடுத்து வருவது பொருளின் அடையாளம். 8086 என்று இருந்தால் இன்டெல். (1978இல் அந்த நிறுவனம் வெளியிட்ட புகழ்பெற்ற சிப்பின் எண்ணையே அடையாளமாக வைத்துக்கொண்டார்கள்!) 1002 என்று இருந்தால் ஏடிஐ, அதாவது இன்றைய ஏஎம்டி. இந்த இரண்டு எண்களையும் இணையத்தில் தேடினால் எந்த கார்டு, எந்த டிரைவர் என்று தெரிந்துவிடும். பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரையோ விற்றவரின் வார்த்தையையோ நம்பத் தேவையில்லை. பொருளே தன் பெயரைச் சொல்கிறது.

டர்போவுக்கும் இப்படி ஒரு ஐடி உண்டா? உண்டு.

டர்போ என்றால் என்ன?

பழைய 386, 486 கம்ப்யூட்டர்களில் முன்பக்கம் டர்போ என்று ஒரு பட்டன் இருந்ததை மூத்த வாசகர்கள் அறிவார்கள். அந்தப் பட்டனின் உண்மையான வேலை வேகத்தைக் குறைப்பது! பழைய ஐபிஎம் பிசியின் 4.77 மெகாஹெர்ட்ஸ் வேகத்தை மனதில் வைத்து எழுதப்பட்ட விளையாட்டுகள் புதிய கம்ப்யூட்டரில் கண்மூடித்தனமாக ஓடின. அவற்றுக்காக வேகத்தை இறக்கத்தான் அந்தப் பட்டன். பெயர் மட்டும் காரிடமிருந்து கடன் வாங்கியது.

காரில் இருப்பது நிஜ டர்போ. எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் வேகத்தில் ஒரு சிறு சக்கரம் சுழல்கிறது. அதே அச்சின் மறுமுனையில் இன்னொரு சக்கரம். அது வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. காற்று அதிகம் போனால் டீசலும் அதிகம் எரியலாம், சக்தியும் அதிகம் கிடைக்கும். சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரட் பூகி 1905இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். சிறிய கார்களின் டர்போ நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்றுக்கும் மேல் சுழலும். உங்கள் ஹார்டு டிஸ்க் சுழல்வது வெறும் 5400 அல்லது 7200 சுற்றுதான் என்பதை நினைத்துப் பாருங்கள். இந்த வேகத்தில் அச்சு உலோகத்தின் மேல் உட்காருவதில்லை, மெல்லிய எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதக்கிறது. அந்த எண்ணெய் கசிந்து காற்றுக் குழாய்க்குள் போனால் டீசல் எஞ்சின் அதையே எரிபொருளாக எடுத்துக்கொண்டு தன்னிஷ்டத்துக்கு ஓட ஆரம்பிக்கும். அப்போது சாவியை அணைத்தாலும் நிற்காது. மெக்கானிக் அண்ணன் அவசரப்படுத்தியதற்குக் காரணம் இதுதான்.

முதல் நாள்: ஆர்சி புத்தகமும் ஒரு டார்ச் லைட்டும்

முதலில் அரசின் பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைக் கொடுத்துப் பார்த்தோம். மொபைல் எண்ணைப் பதிந்தால் யாரும் பார்க்கலாம். எரிபொருள் டீசல், 1248 சிசி, எஃப்சி எதுவரை, இன்சூரன்ஸ் எதுவரை என்பதெல்லாம் வந்தன. டர்போவைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை, இருக்கவும் இருக்காது. ஆனாலும் அந்த 1248 உபயோகமான எண். இது ஃபியட் வடிவமைத்த எஞ்சின். ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், டாடாவின் விஸ்டா, மான்சா, ஃபியட்டின் புன்டோ, லீனியா என்று ஒரு காலத்தில் நம் சாலைகளில் பாதிப்பேர் இதைத்தான் ஓட்டினார்கள். இதில் இரண்டு ரகம். டிசையரில் வந்தது 75 குதிரைத்திறன். எர்டிகா, எஸ்எக்ஸ்4 போன்றவற்றில் வந்தது 90 குதிரைத்திறன், அதற்கு டர்போ வேறு. புரோக்கர் சொன்னது இந்த இரண்டாவதைத்தான். ஆக நம்பக்கூடிய கதைதான்.

அடுத்தது டர்போவின் பெயர்ப்பலகை. காற்றை அழுத்தும் பக்கம் அலுமினிய உறை இருக்கும். அதன் மேல் சிறு தகடாகவோ நேரடியாகப் பொறித்தோ எண்கள் இருக்கும். எங்களுடையதில் தகடு பொருத்தும் இடத்தில் இரண்டு துளைகள் மட்டும் இருந்தன, தகட்டைக் காணோம். பக்கவாட்டில் அழுக்குக்கு அடியில் ஏதோ பொறித்திருந்தது. எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு (இதை மறக்காதீர்கள், டர்போவின் புகைப் பக்கம் கையைச் சுட்டுவிடும்) மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்தோம். கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்க மாப்பிள்ளை கிளம்பினார், தடுத்துவிட்டேன். தேய்ந்துபோன எண்ணை இன்னும் தேய்த்தால் மிச்சமும் போய்விடும்.

செல்போன் ஃப்ளாஷை அணைத்துவிட்டு, டார்ச் லைட்டைப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடிக்கச் சொன்னேன். கோயில் கல்வெட்டைப் படம் எடுப்பவர்கள் செய்யும் முறை இது. வெளிச்சம் நேராக விழுந்தால் பள்ளம் தெரியாது. சாய்வாக விழுந்தால் ஒவ்வொரு எழுத்துக்கும் நிழல் கிடைக்கும். டார்ச்சை நான்கு பக்கமும் மாற்றி மாற்றிப் பிடித்து இருபது படங்கள் எடுத்தோம்.

வீட்டுக்கு வந்து படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, இலவசமாகக் கிடைக்கும் ஜிம்ப் மென்பொருளில் திறந்தேன். கலர்ஸ் மெனுவில் டீசாச்சுரேட் கொடுத்தால் படம் கறுப்பு வெள்ளையாகும். அதே மெனுவில் பிரைட்னஸ்-கான்ட்ராஸ்ட் சென்று கான்ட்ராஸ்டை நன்றாக ஏற்றுங்கள். பிறகு இன்வர்ட். கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் மாறும்போது சில எழுத்துகள் பளிச்சென்று எழுந்து வரும். எங்களுக்கு வந்தது இது: 543, ஒரு தேய்ந்த இலக்கம், 970, பிறகு 0030.

எண்ணைப் படிக்கும் விதம்

டர்போ தயாரிப்பவர்கள் உலகில் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். ஒவ்வொருவர் எண்ணுக்கும் ஒரு வடிவம் உண்டு. முதலில் ஆறு இலக்கம், ஒரு சிறு கோடு, பிறகு ஒன்று முதல் நான்கு இலக்கம் என்றிருந்தால் பெரும்பாலும் காரெட். ஐந்து இலக்கம், கோடு, மறுபடி ஐந்து இலக்கம், தொடக்கம் 49 என்றால் மிட்சுபிஷி. மொத்தமாக ஏழு இலக்கம், லாரி அல்லது பஸ் சைஸ் என்றால் கம்மின்ஸின் ஹோல்செட்டாக இருக்கலாம். நான்கு, மூன்று, நான்கு என்று பிரிந்து, 53, 54 போன்ற எண்ணில் தொடங்கினால் ஜெர்மனியின் கேகேகே. அது பிறகு அமெரிக்காவின் போர்க்வார்னர் வசம் போனது. இதே வகை டர்போக்களைத் தமிழ்நாட்டிலேயே டர்போ எனர்ஜி என்ற சென்னை நிறுவனம், கேகேகேயின் தொழில்நுட்பக் கூட்டுடன் 1980களில் தொடங்கித் தயாரித்து வருகிறது. அதனால் ஒரே பொருளில் மூன்று பெயர்களில் எதை வேண்டுமானாலும் பார்க்கலாம். எண்ணின் வடிவம்தான் மாறாது.

கேகேகே எண்ணில் முதல் நான்கு இலக்கம் டர்போவின் குடும்பம். 5303 என்றால் கே03. 5304 என்றால் கே04. 5435 என்றால் கேபி35. 5439 என்றால் கேபி39 அல்லது அதன் தம்பியான பிவி39. நடுவில் வரும் 970 இது முழு டர்போ என்பதைக் குறிக்கும். கடைசி நான்கும் எந்த எஞ்சினுக்காகச் செய்தது என்பதைச் சொல்லும். நம் ஹார்டுவேர் ஐடியில் வென், டெவ் என்று பார்த்தோமே, அதேதான்!

ஆனால் எங்கள் வரியில் தேய்ந்துபோனது அந்த நான்காவது இலக்கம். 5ஆ, 9ஆ?

5 என்றால் கேபி35. அது 75 குதிரைத்திறன் டிசையருக்கே உரிய குடும்பம். அப்படியானால் பெரிய டர்போ என்பதே கட்டுக்கதை, சாதாரண ரிப்பேர் போதும். 9 என்றால் கதை வேறு. செல்போனில் படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் வசதி இருக்கிறதல்லவா, அதைக் கேட்டேன். கொஞ்சமும் தயங்காமல் 5435 என்றது. மாப்பிள்ளை முகத்தில் நிம்மதி. நானும் ஒரு நிமிடம் நம்பிவிட்டேன். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் இதைக் கவனியுங்கள்: இந்த வசதிகள் தெளிவில்லாத எழுத்தை ஊகிக்கின்றன. ஆனால் எது படித்தது, எது ஊகித்தது என்று நமக்குப் பிரித்துச் சொல்வதில்லை. தேய்ந்த 9இன் இடது பக்கம் கொஞ்சம் திறந்திருந்தால் அதுவும் 5 மாதிரிதான் இருக்கும்.

இணையத்தில் தேடினேன். இத்தகைய எண்களைத் தேடும்போது மூன்று விதமாகத் தேடுங்கள்: சேர்த்து, இடைவெளி விட்டு, சிறு கோடு போட்டு. ஒவ்வொன்றையும் மேற்கோள் குறிக்குள் கொடுங்கள். இல்லாவிட்டால் தேடுதளம் பாதி எண்ணை வைத்துக்கொண்டு சம்பந்தமில்லாத பக்கங்களைக் கொட்டும். இந்தப் பக்கங்களில் பெரும்பாலானவை விற்பனைப் பக்கங்கள். ஒருவர் எழுதிய பட்டியலை இன்னொருவர் காப்பி செய்திருப்பார். பத்துப் பேர் சொன்னாலும் அது ஒருவர் சொன்னதுதான். தயாரிப்பாளரின் பார்ட்ஸ் கேட்லாக் கிடைத்தால் அதனுடன் ஒப்பிட்டுவிடுங்கள்.

5439 970 0030 என்று கொடுத்தபோது பிவி39 வந்தது. ரெனோ, நிசான் கார்களின் 1.5 லிட்டர் டீசல் எஞ்சினுக்கானது. ஐரோப்பாவின் மேகான், சீனிக், காஷ்காய் போன்ற கார்களில் வந்தது. அதே குடும்பத்து எஞ்சின்தான் நம் ஊர் டஸ்டரிலும் இருந்தது. எர்டிகாவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

இரண்டாம் நாள்: 5ஆ, 9ஆ?

எண்ணை எண்ணால் தீர்க்க முடியாதபோது பொருளையே பார்க்க வேண்டும். கேபி35 எளிமையான டர்போ. அழுத்தம் அளவை மீறினால் புகையை வேறு வழியாகத் திறந்துவிடும் ஒரு சிறு கதவு அதில் இருக்கும். டர்போவின் அழுத்தமே அந்தக் கதவைத் தள்ளித் திறக்கும். வெளியிலிருந்து யாரும் கட்டளையிடத் தேவையில்லை. பிவி39இல் அப்படி இல்லை. ‘வி’ என்பது மாறக்கூடியது என்பதைக் குறிக்கும். அதில் புகைச் சக்கரத்தைச் சுற்றி சிறு இதழ்கள் வட்டமாக அமைந்திருக்கும். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும்போது ஹோஸ் வாயைக் கட்டைவிரலால் பாதி அடைத்தால் தண்ணீர் பீய்ச்சி அடிக்கிறதே, அதுபோல இதழ்கள் மூடினால் குறைந்த புகையிலும் சக்கரம் வேகமாகச் சுற்றும். எஞ்சின் வேகம் கூடும்போது இதழ்கள் திறந்து வழிவிட வேண்டும்.

மெக்கானிக் அண்ணன் கண்ணாடியும் டார்ச்சும் வைத்துப் பார்த்தார். கதவு இல்லை. இதழ்களை அசைக்கும் வளையமும் கம்பியும் இருந்தன. ஆக, 9. போன் சொன்ன 5 தப்பு. டர்போவுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் லேத் பட்டறையில் கடைந்த தடித்த இரும்புத் தகடு ஒன்றும் இருந்தது. அளவு ஒத்துவராத இரண்டை ஒட்டவைக்கும் அடாப்டர். கம்ப்யூட்டரில் வேறு வகை பின் உள்ள டிஸ்க்கை மாட்ட நாம் வாங்கும் கன்வெர்ட்டர் போலத்தான்.

எண் எதுவுமே கிடைக்காத டர்போவாக இருந்தால்? அப்போது வெர்னியர் காலிப்பரை எடுக்க வேண்டியதுதான். காற்றுச் சக்கரத்தின் வாய் விட்டத்தையும் அடி விட்டத்தையும் மில்லிமீட்டரில் அளந்து, எக்செல் அல்லது இலவச கால்க் மென்பொருளில் ஏ2, பி2 கட்டங்களில் கொடுங்கள். சி2 கட்டத்தில் =(ஏ2/பி2)^2*100 என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள் (ஏ, பி ஆகியவற்றை ஆங்கில எழுத்தில்தான் கொடுக்க வேண்டும்). வரும் எண்ணுக்கு டிரிம் என்று பெயர். காரெட்டின் ஜிடி2860ஆர்எஸ் டர்போவில் வாய் 47.2, அடி 60.1. கணக்குப் போட்டால் 61.7, கேட்லாகில் 62 டிரிம் என்று இருக்கும். அந்தப் பெயரிலேயே 28 என்பது உடலின் அளவு, 60 என்பது சக்கரத்தின் அடி விட்டம். பெயரைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. நாங்களும் அளந்து, பிவி39 உள்பாகம் விற்பவர்கள் தரும் அளவுகளுடன் ஒப்பிட்டுப் பார்த்தோம். அரை மில்லிமீட்டருக்குள் ஒத்துவந்தது. இது ஒரிஜினலா, காப்பியா என்பது வேறு கேள்வி. பிரபலமான எண்களை அச்சாக அப்படியே பொறித்து வரும் காப்பிகள் சந்தையில் நிறைய. தகட்டைக் காணாததால் எனக்குச் சந்தேகம் உண்டு.

பெயர் தெரிந்துவிட்டது, உள்பாகத்தை ஆர்டர் செய்யலாம் என்று மெக்கானிக் அண்ணன் போனை எடுத்தார். அப்போதுதான் எனக்கு டிவைஸ் மேனேஜர் ஞாபகம் வந்தது. கார்டின் பெயர் தெரிந்தால் அடுத்த கேள்வி என்ன? இதற்கு டிரைவர் எங்கே?

“அண்ணே, இந்த இதழ்களைத் திறக்கவும் மூடவும் யார் சொல்றது?”

“காரோட கம்ப்யூட்டர் சொல்லும் தம்பி. அது ஒரு வால்வை ஆட்டும், வால்வு வேக்குவத்தைக் கூட்டிக் குறைக்கும், வேக்குவம் இந்தக் கம்பியை இழுக்கும்.”

“75 குதிரைத்திறன் வண்டியோட கம்ப்யூட்டருக்கு அப்படி ஒரு வால்வு இருக்கா?”

அவர் பதில் சொல்லவில்லை. கம்பியிலிருந்து கிளம்பும் மெல்லிய ரப்பர் குழாயை விரலால் தடவிக்கொண்டே போனார். அது எந்த வால்வுக்கும் போகவில்லை. எஞ்சினின் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு போய், ஒரு பிளாஸ்டிக் ‘டி’ இணைப்பு வழியாக, பிரேக் பூஸ்டருக்குப் போகும் குழாயில் சேர்ந்திருந்தது.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. டீசல் காரில் நாம் லேசாக மிதித்தாலே பிரேக் பிடிப்பதற்குக் காரணம் அந்தப் பூஸ்டர். அதற்கு வேக்குவம் வேண்டும். யாரோ ஒருவர் அந்த வேக்குவத்தைத் திருடி நேரே டர்போவுக்குக் கொடுத்திருக்கிறார். இதனால் இரண்டு ஆபத்து. ஒன்று, இதழ்கள் எப்போதும் மூடியே இருக்கும். வேகம் கூடக் கூட அழுத்தம் கட்டுக்கடங்காமல் ஏறும். இரண்டு, சூட்டில் வெந்துகொண்டிருக்கும் அந்த மெல்லிய குழாய் என்றைக்காவது வெடித்தால் பிரேக் கல் மாதிரி ஆகிவிடும். குடும்பம் குடும்பமாக ஏற்றிச் செல்லும் வண்டி இது.

255 என்ற எண்

முதல் ஆபத்தை உறுதி செய்ய காரின் கம்ப்யூட்டரையே கேட்டோம். ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 பின் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். இந்தியாவில் 2013 ஏப்ரலிலிருந்து பிஎஸ்4 கார்களுக்கு ஓபிடி2 என்ற இந்த ஏற்பாடு கட்டாயமானது. ஈஎல்எம்327 என்ற சிறு கருவியை அதில் செருகி, செல்போனில் புளூடூத்தை இயக்கி இணைத்துக்கொள்ளுங்கள். பாஸ்வேர்டு கேட்டால் 1234 அல்லது 0000. ஆண்ட்ராய்டில் டார்க் போன்ற அப்ளிகேஷனை நிறுவினால் எஞ்சின் எண்கள் திரையில் ஓடும். (ஐபோன் வைத்திருப்பவர்கள் அதற்கு ஏற்ற வைஃபை அல்லது புளூடூத் எல்இ வகையைக் கேட்டு வாங்குங்கள்.)

முதலில் பதிந்திருந்த கோளாறு எண்ணைப் பார்த்தோம்: பி0234. டர்போ அழுத்தம் அளவு மீறியது என்று அர்த்தம். வண்டி சோர்ந்துபோனது கோளாறு இல்லை; எஞ்சினைக் காப்பாற்ற அதன் கம்ப்யூட்டர் தானே சக்தியைக் குறைத்திருக்கிறது. மாப்பிள்ளை ஒவ்வொரு முறையும் ரீஸ்டார்ட் செய்து அதன் வாயை அடைத்திருக்கிறார்.

பிறகு இன்டேக் மேனிஃபோல்டு பிரஷர் என்ற எண். சாவியைத் திருப்பி, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் பார்த்தால் 100ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். அது வெளிக்காற்றின் அழுத்தம், கிலோபாஸ்கல் கணக்கில். எங்களுக்கும் அப்படியே காட்டியது, கருவி சரி. அதற்குள் பிரேக் குழாயிலிருந்து அந்த ‘டி’ இணைப்பைக் கழற்றி, டர்போவுக்குக் கையால் இயக்கும் வேக்குவம் பம்பு ஒன்றை அண்ணன் மாட்டியிருந்தார். வண்டி இல்லாத சாலையில் அவர் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து திரையைப் பார்த்தேன். (ஓட்டிக்கொண்டே போனைப் பார்க்கும் வேலை வேண்டாம்.) 180, 210, 240, பிறகு 255. அதற்கு மேல் எவ்வளவு மிதித்தாலும் 255, 255, 255.

“பரவாயில்லையே, ஒரு இடத்துல போய் நின்னுடுதே” என்றார் அண்ணன்.

நிற்கவில்லை! கம்ப்யூட்டரில் ஒரு பைட் என்பது எட்டு பிட். எட்டு பிட்டில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 255. பெயின்ட் மென்பொருளில் நிறத்தை மாற்றும்போது சிவப்பு, பச்சை, நீலம் எல்லாமே 255உடன் முடிவதைப் பார்த்திருப்பீர்கள், காரணம் இதுதான். ஓபிடியின் இந்த அழுத்த எண்ணும் ஒரே ஒரு பைட்தான். உண்மையான அழுத்தம் 260 ஆனாலும் 300 ஆனாலும் அது 255 என்றுதான் காட்டும். நூறு கிலோ வரை மட்டும் குறித்த தராசில் யானையை நிறுத்தினால் முள் நூறில் நிற்பது போல. உண்மையில் எவ்வளவு ஏறியது என்பதை எங்களால் சொல்ல முடியாது. உடனே நிறுத்தச் சொல்லி, மெதுவாகத் திரும்பி வந்தோம்.

பிறகு நடந்தது

இந்த பிவி39க்கு வால்வு வாங்கிப் போட்டு, கம்ப்யூட்டரின் மென்பொருளையும் மாற்றி ஓட்டலாமா என்று மாப்பிள்ளை கேட்டார். முடியும்; அப்படிச் செய்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரத்திலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. வருடா வருடம் எஃப்சிக்குப் போகும் டி போர்டு வண்டி. சொல்லாமல் செய்த மாற்றம் என்றால் விபத்தின்போது இன்சூரன்ஸும் கைவிரிக்கலாம். தங்கை ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்: “அது வேண்டவே வேண்டாம், கழட்டிடுங்க.”

கேபி35 வகையில், 5435 என்று தொடங்கும் எண்ணை இந்த எஞ்சினுடன் கேட்லாகில் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே ஆர்டர் கொடுத்தோம். பார்சல் வந்ததும் முதல் வேலையாகத் தகட்டைப் படம் எடுத்து கம்ப்யூட்டரில் வைத்துக்கொண்டேன். எண்ணெய் போகும் குழாயையும் சேர்த்து மாற்றினார் அண்ணன். பழைய குழாயில் அடைப்பு இருந்தால் புது டர்போவும் ஒரு வாரம்கூடத் தாங்காது என்றார். பிரேக் பூஸ்டர் குழாயும் புதிது. புரோக்கரிடம் போய்க் கேட்டார்கள். தனக்கு எதுவும் தெரியாது, முந்தைய ஓனர் செய்தது என்றார். அந்த வகையில் செலவு முழுவதும் மாப்பிள்ளை தலையில்தான். அடகு நகை திரும்ப இன்னும் சில மாதம் ஆகும்.

மறுபடி ஈஎல்எம்327ஐச் செருகிப் பார்த்தோம். அழுத்தம் 220ஐ ஒட்டி ஏறி, அங்கிருந்து தானாக இறங்கி வந்தது. பி0234 திரும்ப வரவில்லை. பிக்கப் முன்பு மாதிரி இல்லை என்று மாப்பிள்ளைக்கு ஒரு சின்ன வருத்தம், பிள்ளையார்பட்டி ரோட்டில் பஸ்ஸை ஓவர்டேக் செய்யும்போது தெரிகிறதாம்.

பழைய பிவி39 இப்போது என் மானிட்டருக்குப் பக்கத்தில் பேப்பர் வெயிட்டாக இருக்கிறது. மெக்கானிக் அண்ணன் பட்டறைக்கு வரும் ஒவ்வொரு டர்போவின் எண்ணையும் படம் எடுத்து எனக்கு அனுப்புகிறார். எக்செல் ஃபைலில் இதுவரை 31 வரிகள் சேர்ந்திருக்கின்றன. அதில் இரண்டு வரிகளில் இன்னும் கேள்விக்குறிதான்.